தளவாய் வாயால் வந்த தீர்ப்பு

வெகு காலத்துக்கு முன்னே கருவேலநாட்டை ஆண்ட கோடிவீர பூபதியின் கொட்டாவி ஏழாம் வாசல்வரை கேட்கும். கேட்டவர்கள் காதில் அது ஆயுசுக்கும் நின்றது. வழக்கு நீண்டால் விடுவார். வந்தவர் ஏழையானால் நீளும் முன்பே விடுவார்.

ஒரு நாள் நெல் குத்தும் வேலம்மை சபையில் வந்து நின்றாள். தன் மகள் செங்கமலத்துக்கு வயது பதின்மூன்று. படைத்தலைவரான தளவாய் வல்லபராயர் வளையலைக் காட்டித் தோட்ட வீட்டுக்கு அழைத்துப்போய் அவளைக் கெடுத்துவிட்டார் என்றாள். அந்த ஆள் தெருவில் நடமாடும்வரை பிள்ளை வாசலைத் தாண்ட மாட்டாள் என்றும் சொன்னாள்.

ராயர் மறுக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு, "கேட்டேன், தலையாட்டினாள். சம்மதம் இருக்கும்போது குற்றம் ஏது, பிரபு?" என்றார்.

"தலையாட்டினாளாமே," என்று ராஜா வேலம்மையிடமே கேட்டார். தீர்ப்பை நாளைக்குத் தள்ளினார். மறுநாள் இளவரசியின் பிறந்தநாள். பாயசத்துக்கு எத்தனை முந்திரி என்ற பெரிய ராஜாங்க விவகாரம் அவருக்குக் காத்திருந்தது.

பிறந்தநாளன்று அரசரின் பிள்ளை ஒரு நாழிகை சிம்மாசனத்தில் அமர்வது அந்த நாட்டு வழக்கம். முத்திரை மோதிரமும் அதன் கையில் இருக்கும். பன்னிரண்டு வயது இளவரசி அமர்ந்தாள். மந்திரி அம்பலவாணர் ஒரு கிளியையும் ஓர் ஓலையையும் நீட்டினார். கிளியை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி ஓலையில் முத்திரை வைத்தாள்.

மந்திரி ஓலையைப் படித்தார். வடக்குக் கோட்டை இன்றுமுதல் பகை அரசனுக்குச் சொந்தம்.

ராஜாவின் கொட்டாவி பாதியில் நின்றது. மந்திரியைக் கவிழ்க்கப் பத்து வருடமாகக் காத்திருந்த ராயர் துள்ளி எழுந்தார்.

"ராஜத்துரோகம். குழந்தையை ஏமாற்றிவிட்டார் இந்த மனிதர்."

"இளவரசியார் சம்மதித்தார், ராயரே. சிரிக்கக்கூடச் செய்தார்."

"கிளியைக் காட்டினால் எந்தப் பிள்ளைதான் சிரிக்காது? பன்னிரண்டு வயசுக்கு என்ன விவரம் தெரியும்? அது தலையாட்டினாலும் சம்மதம் ஆகாது. கேட்டவன்தான் குற்றவாளி, பிரபு."

"பதின்மூன்று வயதானால்?" என்று கேட்டார் மந்திரி.

"பதினேழானாலும் அப்படித்தான்."

மந்திரி எழுத்தரிடம் திரும்பினார். "ஒன்று விடாமல் எழுதினீரா? வேலம்மை வழக்கின் தீர்ப்பு அதுதான்."

ராயர் திறந்த வாயை மூடவில்லை. ஓர் ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வார்கள்.

ராஜா ஓலையைக் கிழித்துப் போட்டார். பிறகு தீர்ப்புக்காக வந்து நின்ற வேலம்மையிடம், "நேற்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அம்மா," என்றார். அவர் யாரையும் அம்மா என்று அழைத்து அதற்குமுன் எவரும் கேட்டதில்லை.

ராயரின் பதவி போயிற்று; காலில் விலங்கோடு சிறைக்குப் போனார். பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் தலையசைப்பைச் சம்மதமென்று காட்டி எவரும் தப்ப முடியாது என்று சட்டம் வந்தது. மந்திரிக்குப் பட்டாடை கிடைத்தது. கிளியை இளவரசி திருப்பித் தரவில்லை.

செங்கமலம் ஒரு வருடம் கழித்து வெளியே வந்தாள். பிற்காலத்தில் ஆற்றில் பரிசல் ஓட்டினாள். அறுபத்தெட்டாவது வயதில் இறந்தாள்.