வரையாட்டின் இரண்டாவது குடை

ஒரு மலைக்காட்டில் பூதப்பன் என்றொரு கரடி இருந்தது. அதற்கு வஞ்சி என்ற வரையாடு உற்ற தோழி. இரண்டுக்கும் பாறையிலிருந்து குதிப்பதில் கொள்ளை ஆசை.

காட்டின் நடுவே செங்குத்தான பாறை ஒன்று நின்றது. அதன் அடியில் புல்வெளி. புல்வெளியின் ஓரத்தில் ஒரு குளம். ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் விலங்குகள் பாறை உச்சிக்கு ஏறும். நாரால் நெய்த குடையை முதுகில் கட்டிக்கொண்டு குதிக்கும். குடை காற்றில் விரியும். ஊஞ்சல் போல அசைந்து அசைந்து இறங்கிப் புல்லில் கால் வைக்கும்.

முதுகுக் குடை விரியாமல் போனால்? அதற்காக மார்பில் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் இரண்டாவது குடை மடித்து வைத்திருக்கும். பையின் வாயை ஒரு மூங்கில் ஊசி பூட்டியிருக்கும். கைப்பிடியை இழுத்தால் ஊசி உருவிக்கொள்ளும். பை திறந்து குடை வெளியே பாயும்.

இந்தப் பைகளைச் சோதிப்பது அஞ்சலை என்ற தேவாங்கின் வேலை. குதிப்பதற்கு முதல் நாள் எல்லோரும் அதன் முன்னால் பையை மாட்டிக் காட்ட வேண்டும். தரையில் நின்றபடியே கைப்பிடியை இழுக்க வேண்டும். குடை ஒழுங்காக வெளியே வந்தால் அஞ்சலை அதை மறுபடி மடித்து வைத்து, "சரி, போ!" என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்காமல் யாரும் பாறை விளிம்புக்குப் போக முடியாது.

அந்த ஆண்டும் சோதனை நாள் வந்தது. வஞ்சி விடியற்காலையிலேயே போய், "சரி, போ!" வாங்கிவிட்டது.

பூதப்பன் மட்டும் தன் குகையில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. ஐந்து ஆண்டுகளாக அது குதிக்கிறது. ஒரு தடவைகூட இரண்டாவது குடை தேவைப்பட்டதில்லை. 'சும்மா கிடக்கிற பைதானே!' என்று, போன ஆண்டு சோதனை முடிந்த பிறகு அதற்குள் ஒரு தேனடையைத் திணித்து வைத்திருந்தது. தேன் வழிந்து குடையின் மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இனிக் கழுவினால் ஒரே நாளில் காயாது.

கரடி வஞ்சியைத் தேடி ஓடியது.

"வஞ்சி, உன் மார்புப் பையைக் கொஞ்ச நேரம் கொடேன்! அஞ்சலை அக்காவிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்."

"உன் பை என்ன ஆயிற்று அண்ணே?"

"அது... ஈரமாக இருக்கிறது."

வஞ்சிக்கு மனசில்லை. ஆனாலும் தோழன் கேட்கிறானே என்று கொடுத்துவிட்டது.

பூதப்பன் பையைக் கையில் தூக்கிக்கொண்டு அஞ்சலை முன் வந்து நின்றது.

"பாருங்கள் அக்கா! சுத்தமான பை!"

"கையில் வைத்துக்கொண்டு காட்டினால் எப்படி? மாட்டிக் காட்டு!"

கரடி திரும்பி நின்றுகொண்டு வார்களைத் தோளில் மாட்டப் பார்த்தது. வார்கள் எட்டவில்லை. மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தது. 'டக்!' என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், மூங்கில் ஊசி நகம் பட்டு வளைந்து கிடந்தது! பூதப்பன் சட்டென்று பையின் மேல்மடலை அதன் மேல் மூடிவிட்டது.

"திரும்பு இந்தப் பக்கம்!" என்றது அஞ்சலை.

பை கரடியின் கழுத்தை நெரித்துக்கொண்டு தொங்கியது. கைப்பிடி இடது தோளின் மேல் இருந்தது. அது ஆடு வாயால் கவ்வி இழுக்கிற இடம். பூதப்பன் வாயைக் கோணியது. நாக்கை நீட்டியது. கையைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடி கிடைக்கவே இல்லை.

வரிசையில் நின்ற கீரியும் மலை அணிலும் விழுந்து விழுந்து சிரித்தன.

"இது யாருடைய பை?" என்று கேட்டது அஞ்சலை.

"வஞ்சியுடையது" என்று கரடி முணுமுணுத்தது.

"நல்ல பைதான். ஆனால் உனக்கு நல்ல பை இல்லை. விழும்போது உன் கை போகிற இடத்தில் கைப்பிடி இருக்க வேண்டும் பூதப்பா! வஞ்சியின் பையை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உன்னுடையதை எடுத்து வா!"

கரடி வேறு வழியில்லாமல் தன் பையைக் கொண்டுவந்தது. கைப்பிடியை இழுத்தது. பை திறந்தது. 'தொப்'பென்று தேனடை விழுந்தது. குடை விழவே இல்லை! அஞ்சலை மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தது. விரல்கள்தான் பிசுபிசுத்தன.

"நாளைக்கு நீ குதிக்கக் கூடாது" என்றது.

"அக்கா! ஐந்து வருடமாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"ஆகியிருந்தால் இப்போது என்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டாய். போய்க் குடையை அலசிக் காயப்போடு!"

பூதப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வஞ்சியின் பையை அதனிடம் நீட்டியபோது, ஊசியைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தது. கீரியும் அணிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை காற்று அருமையாக வீசியது. பூதப்பன் உச்சிக்குப் போகும் பாதையின் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கீரி குதித்தது. குடை 'பட்'டென்று விரிந்தது. மலை அணில் குதித்தது. அதுவும் அழகாக இறங்கியது.

அடுத்தது வஞ்சி.

'வஞ்சியின் முதுகுக் குடை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. மார்புப் பைக்கு வேலையே இருக்காது. இப்போது போய்ச் சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்கள்' என்று கரடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஆனால் உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. 'எனக்கும்தான் ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பித்தானே தேனடையை வைத்தேன்!'

வஞ்சி விளிம்பில் முன்னங்கால்களை வைத்தது.

"நில்லு!" என்று கத்திக்கொண்டு கரடி பாதையில் பாய்ந்தது. "வஞ்சி, நில்லு! குதிக்காதே!"

வஞ்சி திடுக்கிட்டுப் பின்வாங்கியது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூதப்பன் மூச்சு வாங்க நின்றது. "நேற்று உன் பையை மாட்டும்போது ஊசியை வளைத்துவிட்டேன். மறைத்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்!"

அஞ்சலை ஓடி வந்து மேல்மடலைத் தூக்கியது. வஞ்சி கைப்பிடியைக் கவ்வி இழுத்தது. ஊசி அசையவில்லை. மறுபடியும் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, பை திறக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கீழே வெகு தூரத்தில் குளம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது.

"என் மேலும் தப்பு இருக்கிறது" என்றது அஞ்சலை. "காலையில் பார்த்த பைதானே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அது இன்னொருவர் தோளுக்குப் போய்வந்ததை யோசிக்கவில்லை."

அது வளைந்த ஊசியை வெட்டி எடுத்துவிட்டு, வழவழப்பான புது ஊசி ஒன்றைக் கோத்தது. வஞ்சி கைப்பிடியை இழுத்தது. இரண்டாவது குடை சரசரவென்று வெளியே வந்தது. அஞ்சலை அதைப் பொறுமையாக மடித்து உள்ளே வைத்தது. வார்களுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தது. "வாய் எட்டுகிறதா, காட்டு!" என்றது. வஞ்சி காட்டியது.

"சரி, போ!"

வஞ்சி குதித்தது.

முதுகுக் குடை வெளியே வந்தது. ஆனால் கயிறுகள் முறுக்கிக்கொண்டன! குடை விரியாமல் பிழிந்த துணி மாதிரி தலைக்கு மேல் படபடத்தது. வஞ்சி கல்லைப் போலக் கீழே போனது.

"இழு! இழு!" என்று பூதப்பன் அலறியது.

வஞ்சி தலையைத் திருப்பியது. கைப்பிடி வாயில் அகப்பட்டது. இழுத்தது.

வெள்ளைக் குடை பூப் போல விரிந்தது.

வஞ்சி புல்வெளியைத் தாண்டிக் குளத்தின் ஓரச் சேற்றில் 'சளக்'கென்று இறங்கியது. ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு எழுந்து காதுகளை உதறியது. பாறை உச்சியிலிருந்து கிளம்பிய ஆரவாரத்தில் காட்டுக் கோழிகள் எல்லாம் பறந்தன.

பூதப்பன் உருண்டு புரண்டு மலையிறங்கிப் போனது.

"நேற்றே ஏன் சொல்லவில்லை?" என்று வஞ்சி அதன் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. வலித்தது.

"வெட்கமாக இருந்தது."

"இன்றைக்கு வெட்கமாக இல்லையா?"

"இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டுதான் ஓடி வந்தேன்."

வஞ்சிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "நானும் உன்னிடம் பையைக் கொடுத்திருக்கக் கூடாது அண்ணே!" என்றது. இரண்டும் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கழுவிக்கொண்டன.

அன்றிலிருந்து அஞ்சலை ஒரு வழக்கம் வைத்தது. ஒரு பை கை மாறினால், அதை முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

மூன்று நாளில் கரடியின் குடை காய்ந்தது. பூதப்பன் அழைக்கும் முன்பே வந்து வரிசையில் நின்றது. இந்த ஆண்டு அதன் வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. அஞ்சலை வார்களை நீளமாக்கி, கை போகிற இடத்துக்குக் கைப்பிடியை நகர்த்தித் தைத்தது. கரடி நான்கு தடவை இழுத்துப் பார்த்தது.

"போதும் பூதப்பா! வரிசையில் மற்றவர்கள் நிற்கிறார்கள்!"

"இன்னும் ஒரே ஒரு தடவை அக்கா!"

அதன் பிறகு பாறை உச்சியில் நின்று, நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு குதித்தது. முதுகுக் குடை ஒழுங்காக விரிந்தது. இரண்டாவது குடைக்கு வேலையே வரவில்லை. கரடி மிதந்து மிதந்து வந்து, புல்வெளியில் காத்திருந்த வஞ்சியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. இரண்டும் அடுத்துக் குதிப்பவரை அண்ணாந்து பார்த்தன.

உயிரைக் காக்கும் பொருளை, இதுவரை தேவைப்படவில்லை என்று அலட்சியம் செய்யாமல் ஒவ்வொரு முறையும் நம் உடம்பில் பொருத்திச் சோதிக்க வேண்டும். அதில் நம்மால் ஒரு பழுது நேர்ந்தால், எத்தனை பேர் சிரித்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.