கல்கவுதாரிக்குத் தைத்த பை

பறவைக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டின் ஓரத்தில் சொர்ணக்கனி என்றொரு பைத் தையல்காரி இருந்தாள். சைக்கிளில் ஊர் சுற்றி, பொழுது சாய்ந்த இடத்தில் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்களுக்குப் பை தைப்பதுதான் அவள் தொழில். பறவை பேசிய காலத்தில் சைக்கிள் ஏது என்று கேட்கிறவர்கள் கணக்கு வாத்தியாரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கதையில் சைக்கிள் இருந்தது, அதற்குப் பெல்லும் இருந்தது.

தேரியின் செம்மணலுக்குக் கனம் ஆகாது. ஒரு படி அரிசி கூடிப்போனால் சக்கரத்தைப் பாதி விழுங்கிவிடும். அதனால் சொர்ணக்கனி துணியை வெட்டும் முன்னால் சாமானைத்தான் வெட்டுவாள். ஹேண்டில்பாருக்கு ஓர் உருளைப் பை, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு தட்டைப் பை, சீட்டுக்குப் பின்னால் வாலைப் போல ஒன்று. இந்த மூன்றில் அடங்காததை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். தேன்மெழுகை உருக்கித் துணியில் தேய்த்துவிடுவாள். "எம் பைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போச்சுன்னா நான் ஊசியைத் தூக்கிப் போட்டுருதேன்" என்பது அவள் வழக்கமான சவால்.

ஊருக்கெல்லாம் பை தைத்தவள் பத்து வருஷமாக ஊரைத் தாண்டியதில்லை. தேரிக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. கடைசியில் ஒருநாள் தனக்கென்றே மூன்று பை தைத்துக்கொண்டு, கணவன் லிங்கத்துரையோடு கிளம்பினாள். கிளம்பும்போது அவன் சீப்பைப் பாதியாக உடைத்து மீதியைத் தூக்கி எறிந்தாள்.

"ஏ பிள்ள, அடுத்தாப்புல எங் காதையும் அறுத்துப் போட்டுருவியோ? அதுவும் கனந்தான்" என்றான் லிங்கத்துரை.

அவளுக்கு உயிர், சீட்டுக்குப் பின்னால் கட்டிய பைதான். அதன் உள்துணியை மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்து நெய்திருந்தாள். ஆவாரம்பட்டைச் சாயம் ஏற்றிய பழுப்பு நூல், சுருள் சுருளாக, அடர்த்தியாக. அது இருந்தால்தான் பை தொய்யாமல் நிற்கும். படுக்கும்போது உருவி மடித்தால் அதுவே தலையணை. அந்தப் பையைத்தான் லிங்கத்துரை காலையில் சுனைக்கரையில் வாய் திறந்தபடி சாய்த்து வைத்து, தண்ணீருக்குள் நழுவவிட்டான். உள்துணி ஆசைதீரக் குடித்துவிட்டது. பை கல்லாகக் கனத்தது.

"ஒரு பையைப் பாத்துக்கிட ஏலல! நீங்கல்லாம் எப்படித்தான் பிழைக்கியளோ!" என்று வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

உச்சி வெயிலில் ஓர் உடைமரத்தடியில் நின்றார்கள். கொஞ்ச தூரத்தில், வெறும் மணலில், இரண்டு கல்கவுதாரிகள். பெட்டை சிறகை விரித்து மூன்று குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. சேவல் தத்தித் தத்தி இவர்களிடம் வந்தது.

"எக்கா, நீ பை தைக்கிறவதான? எனக்கும் ஒண்ணு தச்சுத் தா. எம் பிள்ளைக சாகக் கிடக்கு."

லிங்கத்துரை ஓடிப்போய்ப் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிக் குஞ்சுகளுக்குக் காட்டினான். குடித்தன.

"இன்னைக்கு நீங்க குடுத்திய. நாளைக்கு?" என்றது சேவல். "சுனை நாலு மைல். இதுக பறக்க ஒரு மாசம் ஆகும். சுனைப் பக்கத்துல பொரிச்சா நரி விடாது, இங்க பொரிச்சா தாகம் விடாது. போன தடவ மூணையும் மண்ணுக்குக் குடுத்தேன் அக்கா."

சொர்ணக்கனி உடனே ஊசியை எடுத்தாள். விரல் நீளத்தில் ஒரு பை, மெழுகு தேய்த்த துணியில், கழுத்தில் மாட்ட வாரோடு. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் அதில் தண்ணீரை நிரப்பிக் கழுத்தில் மாட்டியதும் சேவல் முகம் குப்புற விழுந்தது. பாதியாகக் குறைத்தாள். எழும்பியது, தண்ணீர் குலுங்கிக் குலுங்கி அதை ஒருபக்கமாகச் சாய்த்துத் தள்ளியது. இன்னும் குறைத்தாள். அதற்குள் இருந்தது ஒரு குஞ்சின் நாக்குக்கே காணாது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தான் தைத்த பை ஒன்றுக்கும் உதவாமல் போனது அதுதான் முதல் தடவை.

அப்போது லிங்கத்துரை அவள் தோளைத் தொட்டான். "ஏட்டி, சத்தம் போடாம அங்க பாரு."

சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் பின்பையிலிருந்து உள்துணியின் ஒரு முனை வெளியே தொங்கியது. ஒரு குஞ்சு எப்படியோ அதனடியில் போய் நின்று, அலகை அந்தத் துணியில் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. காலையில் நனைந்த துணி. நாலு மைல் வெயிலில் வந்தும் உள்ளே ஈரம் அப்படியே இருந்தது.

தண்ணீரை வெளியே நிறுத்துவதற்கென்றே பத்து வருஷம் மெழுகு தேய்த்தவள் சொர்ணக்கனி. எதற்காகக் கணவனைக் காலையிலிருந்து திட்டினாளோ, அதுதான் பறவைக்கு வேண்டிய பை.

"அத வெட்டுனா பை தொய்ஞ்சு சக்கரத்துல உரசும். கடல் வரைக்கும் போக ஏலாது" என்றான் லிங்கத்துரை மெதுவாக.

அவள் மேற்கே திரும்பி வந்த வழியைப் பார்த்தாள், கிழக்கே மணல்மேட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து, ஒரு மாத வேலையை ஒரே வீச்சில் வெட்டினாள்.

நூலைச் சுருள் சுருளாகப் பிரித்தாள். சேவலை மடியில் மல்லாத்திப் போட்டு, வயிற்று இறகு ஒவ்வொன்றோடும் ஒரு சுருளைச் சேர்த்துத் தைத்தாள்.

"குத்துனா கத்திரு."

"கத்துனா பிள்ளைக பயந்துரும் அக்கா" என்றது சேவல். கடைசித் தையல்வரை அது அசையவில்லை.

"எனக்கும் தைச்சா நானும் போவேன்" என்றது பெட்டை.

"நீயும் போயிட்டா நிழலுக்கு யாரு?" என்றது சேவல். "நீ நிழலப் பாரு, நான் தண்ணியப் பாக்கேன்." சொல்லிவிட்டு எழும்பிச் சுனையை நோக்கிப் பறந்தது. புதிதாக ஒன்றைச் சுமப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

வெகுநேரம் ஆயிற்று. பெட்டை விரித்த சிறகை மடக்கவேயில்லை. லிங்கத்துரை வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்றான். பிறகு மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. சேவல் தாழப் பறந்து வந்து மணலில் இறங்கியது, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மூன்று குஞ்சுகளும் ஓடிவந்து அதன் வயிற்றில் முட்டின. நனைந்த இறகை அலகால் உருவி உருவிக் குடித்தன. ஆண் ஒன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதை இந்த உலகம் அன்றுதான் பார்த்தது.

சொர்ணக்கனி மணலில் முழங்காலிட்டாள். கை தானாகக் குவிந்தது.

"பத்து வருஷம் தச்சதெல்லாம் வெறும் துணிங்க" என்றாள். "பைன்னா இதுதான்."

அன்று அவர்கள் தொய்ந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். கடலை அவள் பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல்தான் கல்கவுதாரிச் சேவலுக்கு வயிறு பழுப்பாயிற்று. இன்றைக்கும் வீட்டில் குஞ்சு இருக்கிற சேவல், தன் தாகம் தீர்ந்த பிறகும், வயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி நனைக்காமல் கரையை விட்டு எழும்புவதில்லை.