யானை மிதித்த வழி

ஏகவீர பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மழை என்றால் மந்திரிகள் குடையை விரிப்பார்கள், வெயில் என்றால் விசிறியை எடுப்பார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சபையில் எட்டிப் பார்த்துத் தொலைக்கிற ஒரே ஆள், கட்டட வேலைகளைக் கவனிக்கும் கொன்றையப்பன்.

ராஜாவுக்குத் திடீரென்று வசந்த மண்டபம் கட்டும் ஆசை வந்தது. ஆற்றங்கரையில்தான் வேண்டும், அதுவும் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்தான் வேண்டும். அங்கே இருந்த மண்ணோ வெயிலில் ஓடு, மழையில் கூழ். வண்டி போனால் அச்சு வரைக்கும் இறங்கும். ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குள் சரியும். இந்த அழகான வேலை கொன்றையப்பன் தலையில் விழுந்தது.

அவன் கல்லுடைக்கும் கூட்டத்தின் தலைவி பாப்பக்காவைக் கூப்பிட்டான். அவளுடைய ஆட்கள் மலையை உடைத்து, தேங்காய் பருமனில் முனையும் கோணலுமாகக் கருங்கல் கொண்டுவந்தார்கள். மண்டபத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு வாசல் என்று திட்டம். முதலில் மேற்கு வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினார்கள். ஆற்றுச் சரிவிலும் அடுக்கினார்கள். அதன்பிறகு வண்டி புதையவில்லை, கரையும் சரியவில்லை. கிழக்கு வாசல்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார். பட்டுச் செருப்போடு வந்தார். நாலே அடியில் செருப்பு கிழிந்து பாதத்தில் கல் குத்தியது. கூடவே வந்த அலங்கார மந்திரி மகுடேசருக்கு வாயெல்லாம் பல். "மகாராஜா, இது கல்லா? உங்கள் பாதத்துக்குச் செய்த அவமானம்" என்றார். ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முனை உள்ள ஒரு கல்கூட இங்கே இருக்கக் கூடாது, அதை உடைத்துப் போட்ட நாற்பது குடும்பமும் முதல் கல் வைக்கும் கால்கோள் விழாவன்றே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். கிழக்கு வாசலும் அதன் சரிவும் மகுடேசர் கைக்குப் போயின.

பாப்பக்கா அழவில்லை. "அடைமழையில பச்சைப் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போவோம் சாமி? நீங்க கேட்ட கல்லத்தானே உடைச்சோம்" என்றாள். கொன்றையப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தப்பு தன்னுடையது, தண்டனை அவர்களுக்கு என்பது அவனைப் போட்டுப் பிடுங்கியது.

மறுநாள் சபையில் மிகவும் பணிவாக எழுந்து நின்றான். அவன் பணிவைக் கண்டு நாலு பேர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கேட்டது இரண்டே வரம். நம் வழக்கப்படி முதல் கல்லைச் சுமந்து பட்டத்து யானை எந்த வழியில் உள்ளே போகிறதோ அதுதான் மண்டபத்தின் வாசல், ஆகையால் யானை மிதிக்கும் வரைக்கும் மேற்கு வாசல் கல்லை எடுக்க வேண்டாம். அப்புறம், மகுடேசர் போடப்போகும் அழகான வழியில் மந்திரிகள் அத்தனை பேரும் முன்கூட்டியே போய் நின்று மகாராஜாவை வரவேற்க வேண்டும். ராஜா இரண்டையும் தந்தார். இரண்டாவது வரத்துக்குக் கைதட்டியவரே மகுடேசர்தான்.

அவர் போட்ட வழியைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. ஆற்றுக் கூழாங்கல், ஒவ்வொன்றும் முட்டை மாதிரி வழுவழுவென்று. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பிரித்துக் கோலமே போட்டுவிட்டார். சரிவிலும் அதே கோலம். மழைக்குத்தான் ரசனை இல்லை. விழாவுக்கு முந்தைய இரண்டு நாளும் கொட்டித் தீர்த்தது.

விழாவன்று யானைமேல் ராஜா, அவர் மடியில் பட்டுத்துணி சுற்றிய முதல் கல். கிழக்கு வாசலில் மந்திரிகள் வரிசையாக நின்றார்கள். கூழாங்கல் ஆளுக்கொரு பக்கம் உருண்டு சேற்றுக்குள் போக, பின்னாலேயே மந்திரிகளும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தரை எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"அபாரம் மகாராஜா" என்றார்கள், முழங்கால் வரை இறங்கியவர்கள்.

"மிக உறுதி. காலை எடுக்கவே முடியவில்லை" என்றார் இடுப்பு வரை இறங்கிய மகுடேசர்.

யானை முன்காலை வைத்து அழுத்திப் பார்த்தது. சட்டென்று எடுத்துக்கொண்டது. பாகன் அதட்டினான், கெஞ்சினான், வெல்லம் காட்டினான். அது வெல்லத்தை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி, தானாகவே மேற்கு வாசலுக்குப் போய், உடைகல்மேல் கறக் கறக் என்று நடந்து உள்ளே போய் நின்றது. அதே சமயம் கிழக்குச் சரிவு கோலத்தோடு ஆற்றில் சரிந்தது.

ராஜா முகம் சிவந்துவிட்டது. "இத்தனை மந்திரிகள் அபாரம் என்றார்கள். இந்த யானைக்கு என்ன கேடு?"

கொன்றையப்பன் கைகட்டி நின்றான். "மன்னிக்க வேண்டும் மகாராஜா. அதற்குச் சபை மரியாதை பழக்கவில்லை. தங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துவிட்டது."

ராஜா யானையின் காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, முனை உள்ள கல் மட்டும் எப்படி நகராமல் நிற்கிறது என்று கேட்டார்.

"முனை இருப்பதால்தான். ஒன்றின் கோணல் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். இடையில் தண்ணீர் வடிந்துவிடும், மண் தங்கிவிடும். வழுவழுப்பானவையும் அழகாகத்தான் நிற்கும் மகாராஜா, பாரம் ஏறும் வரைக்கும்."

ராஜா சேற்றில் நின்ற தம் சபையை ஒருமுறை பார்த்தார். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது குடும்பமும் இங்கேயே இருக்கட்டும், அந்தக் கல்மலையும் அவர்களுக்கே என்றார். பாப்பக்கா அப்போதுதான் அழுதாள்.

அவளுடைய ஆட்கள் கூடை கூடையாக உடைகல்லைச் சேற்றில் கொட்டி, அதன்மேல் நின்று மந்திரிகளை இழுத்துப் போட்டார்கள். மகுடேசர் கடைசியாக வந்தார். செருப்பு வரவில்லை. வெறுங்காலோடு அந்தக் கல்மேலேயே நிறுத்தினார்கள்.

"என்ன மகுடேசரே, குத்துகிறதா?" என்றார் ராஜா.

மகுடேசர் கல்லைப் பார்க்கவில்லை. ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இருந்தது.

"பூமெத்தை மாதிரி இருக்கிறது மகாராஜா" என்றார், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு.