பன்னிரண்டு ராஜாக்களைக் காப்பாற்றிய கதை

புளியந்துறை மிக்கேல், சூசை, இன்னாசி மூன்று அண்ணன் தம்பிகளும் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் ஒரு வேலையும் சொல்வதில்லை. சலேத்து பர்னாந்து மட்டும் சொன்னார். அவர் கெட்ட நேரம், வேறென்ன?

சலேத்து கப்பலில் சமையல்காரராக இருந்தவர். போன துறைமுகத்திலெல்லாம் ஒரு பெரிய வெள்ளி நாணயம் வாங்கிவிடுவார். ஒவ்வொன்றும் மெதுவடை அகலம், முன்பக்கம் ஒரு ராஜாவோ ராணியோ முகம். அப்படிப் பன்னிரண்டு நாட்டு நாணயம் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் சங்கத்து நடுவர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்பது வருஷமாகச் சங்கத்தின் கோப்பை சலேத்துவுடைய மச்சினனின் தபால்தலைக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷமும் போனால் மனுஷன் தாங்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மூவரையும் காவல் வைத்தார்.

"கை படக்கூடாதுல. இந்த ராஜா ராணி முகத்துக்குச் சேதாரம் வந்தா என் கோப்பை போச்சு. என்ன ஆபத்து வந்தாலும் அவங்களக் காப்பாத்துங்க."

"சரி அண்ணாச்சி."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் இன்னாசி கால் கட்டைவிரலால் ஆஸ்திரியா ராணியைப் புரட்டிவிட்டான். கைதானே படக்கூடாது. பின்பக்கம் ஒரு கழுகு, அதுவும் ரெண்டு தலையோடு.

"அண்ணே, ராணிக்கு நெஞ்சுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, பாத்தியா?"

மிக்கேல் குனிந்து பார்த்து ரொம்ப நேரம் யோசித்தான்.

"முதுகுல கழுகை வச்சிக்கிட்டு உடம்பு எப்படிடே மிஞ்சும்? தின்னு முடிச்சிட்டு. இனி தலைதான் பாக்கி."

எல்லாவற்றையும் புரட்டினார்கள். ஐந்தில் கழுகு, ஆறில் சிங்கம், ஒன்றில் கப்பல். எந்த ராஜாவுக்கும் உடம்பு இல்லை. சூசைக்குக் கண் கலங்கிவிட்டது.

"கப்பல் எப்படிண்ணே உடம்பைத் திங்கும்?"

"திங்கலடே. உடம்பை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டு. தலைக்கு இடம் இல்ல."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தலை தாங்குமா?"

"தாங்காது. பிரிச்சிர வேண்டியதுதான்."

சூசை நாணயத்தைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். மிக்கேல் இரும்பறுக்கும் ரம்பத்தால் நெடுக அறுத்தான். பன்னை நடுவில் பிளந்து ஜாம் தடவுவார்களே, அப்படி. பயந்துபோயிருந்த ராஜாக்களுக்கு இன்னாசி விசிறினான். ஏழு பிளேடு ஒடிந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேரையும் மீட்டுவிட்டார்கள். லேசான வேலையா அது?

ஞாயிறு காலை சலேத்துவும் நடுவரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். நடுவர் கையுறை மாட்டிக்கொண்டு ராணியைத் திருப்பினார். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. அடுத்ததும் மொட்டை.

சலேத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கழுகெல்லாம் எங்கலே?"

"பனைமரத்து உச்சியில விட்டாச்சு அண்ணாச்சி. அடைச்சு வைக்கிறது பாவம்லா."

"கப்பலு?"

"கடல்ல விட்டோம். உடனே முங்கிட்டு. உள்ள ஆள் யாரும் இல்லேன்னு பாத்துட்டுத்தான் விட்டோம்."

சலேத்து வாய்விட்டே அழுதார். ஒன்பது வருஷ ஆசை அது.

"சிங்கம்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில, முள்ளுக்காட்டுல."

"ஓடிப்போய் அதையாவது பொறுக்கிட்டு வாங்கல, ஒட்டவச்சுப் பாக்கலாம்!"

மூவரும் ஓடினார்கள். அரைமணி நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

"ஆறும் பாதையோரமாத்தான் படுத்துக் கிடக்கு அண்ணாச்சி," என்றான் மிக்கேல். "கண்ணு மூடல. கிட்டப் போகத் தைரியம் வரல. பசி அடங்கட்டும்னு உங்க ஆட்டைக் கொண்டுபோய் அங்க கட்டிட்டு வந்திருக்கோம்."

நடுவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சலேத்துவை மெதுவாகத் தனியே அழைத்துப் போனார்.

"கோப்பையைப் பத்தி அப்புறம் பேசுவோம் சார். ஆறு சிங்கத்துக்கு ஒரு ஆடு பத்தாது. பஸ் ஸ்டாண்டுக்கு வேற வழி இருக்கா?"