யானை மிதி வேண்டாம்!

நாவல்காட்டுக் குளத்தின் கரையில் விழும் ஓட்டையை யார் அடைத்தாலும், கருமலை என்ற யானை அதன்மேல் ஒரு தடவை நடக்கும். அடைப்பு நின்றால் அடைத்தவருக்குக் கூலிக் கிழங்கு. சரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து! கோடைக்கு அந்தக் குளம் ஒன்றுதான் தண்ணீர். அதனால் கருமலை யாருக்கும் முகதாட்சண்யம் காட்டியதில்லை. சொட்டையன் என்ற பெருச்சாளியின் அடைப்பு மூன்று தடவை அதன் காலடியில் பொலபொலவென்று போனது.

நான்காம் தடவை பெருச்சாளி ஒரு மான்தொடையை இழுத்துக்கொண்டு சிங்கராஜாவின் குகைக்குப் போனது.

“ராஜா, கரையில ஓட்டை! யானை ஆடி அசைஞ்சு வந்து மிதிக்கிற வரைக்கும் காத்திருந்தா குளமே காலி!”

“அப்படியா? இனிமே அவசர வேலைக்கு யானை மிதி வேண்டாம்!” என்று தொடையைக் கடித்தபடியே சிங்கம் உத்தரவு போட்டது.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அவசரமில்லாத வேலையே இல்லை! பெருச்சாளி காலையில் ஓட்டை போடும். மத்தியானம் “ஓட்டை! ஓட்டை!” என்று கத்தும். சாயங்காலம் சருகைத் திணித்துவிட்டுக் கிழங்கோடு வீட்டுக்குப் போகும்.

“ராஜா, ஓட்டை போடுறதே அவன்தான்! கண்ணால பார்த்தேன்!” என்றது கருமலை.

“காலுக்கு வேலை இல்லைன்னா வாய் நீளும். போய்க் குரங்குகளோட ஊஞ்சல் கொடியை இழுத்துப் பாரு. அதுக்கு இன்னும் சோதனை உண்டு!”

கருமலை போய் ஊஞ்சலை இழுத்துப் பார்த்தது. அந்தப் பேச்சை மட்டும் மறக்கவில்லை.

ஐப்பசி மழையில் குளம் தளும்பியது. அழகு பார்க்கச் சிங்கம் கரைமேல் ஏறியது.

“நில்லுங்க ராஜா! நான் ஒரு தடவை மிதிச்சுப் பார்த்துடறேன்!”

“தள்ளு! எனக்கு அவசரம்!”

நான்காவது அடியில் கரை வாயைப் பிளந்தது. குளம் முழுக்கப் பாய்ந்து ஓடியது. சிங்கம் கழுத்துவரை சேற்றில் புதைந்தது.

“கருமலை! தும்பிக்கையைக் கொடு! அவசரம்!”

“அவசர வேலையெல்லாம் சொட்டையனுக்குத்தானே, ராஜா? கூப்பிடுங்க!”

சொட்டையன் அதற்குள் அடுத்த மலையில் ஏறிக்கொண்டிருந்தது.

“உத்தரவு ரத்து! ரத்து!” என்று சிங்கம் சேற்றைத் துப்பி அலறியது. அப்புறம்தான் தும்பிக்கை நீண்டது.

ராஜா பிழைத்தது, குளம் பிழைக்கவில்லை. அடுத்து வந்த கோடையில் காடே மூன்று மலை தாண்டித் தண்ணீருக்கு நடந்தது. நாக்குத் தொங்க நடந்த சிங்கம், ‘அவசரம்’ என்று ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

சோதிப்பவனை விலக்கிவிட்டு அவசரமாய்க் கட்டிய கரை, விலக்கு கொடுத்தவன் காலடியிலேயே சரியும். தாகம் மட்டும் ஊருக்கெல்லாம்.