பதினேழாம் நம்பர் ஜன்னல்

இப்படியும் ஒரு உத்தரவு போடுவார்களா என்று தெருவே வாயைப் பிளந்தது. பழமை மாறாமல் காக்கவேண்டிய வீடுகள் உள்ள தெரு அது. இட்லிக்கடை பிலோமின் வீட்டு ஜன்னலைக் கரையான் தின்றுவிட்டது. அவள் புதிதாக ஒன்று மாட்டியதும் பழமைக் காப்பு அதிகாரி தெய்வநாயகம் பாய்ந்து வந்தார்.

"கழட்டு இதை! இந்தத் தெருவிலேயே நூறு வருஷம் வெயில் காய்ந்த ஜன்னல்தான் வேணும். பத்து நாள் கெடு. இல்லேன்னா வீட்டுக்குச் சீல்!"

அக்கம்பக்கம் அதிர்ந்துபோனது. இதே தெருவில் வசிக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? பிலோமின் மட்டும், "சரிங்க சார்" என்றாள்.

பத்தாம் நாள் அவள் வீட்டில் பழைய தேக்கு ஜன்னல் நின்றது. அதிகாரி தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இது இந்தத் தெரு ஜன்னல்தான்னு என்ன அத்தாட்சி?"

"பெயின்ட் அடிக்கக் கழட்டினா மாறிடக் கூடாதுன்னு, தச்சர் ஜன்னல் கதவுக்குப் பின்னால வீட்டு நம்பரைச் செதுக்கியிருப்பாரு சார். திருப்பிப் பாருங்க."

திருப்பினார். பதினேழு. அவருடைய வீட்டு நம்பர்!

"பழைய மரக்கடையில கிடைச்சுது சார். உங்க கொல்லைப்பக்கம் அலுமினிய ஜன்னல் மாட்டினவங்க போட்டுட்டுப் போனதாம்" என்ற பிலோமின், பணிவாகக் கேட்டாள்: "உங்களுக்கும் பத்து நாள் கெடுதானுங்களா?"