பந்தி வாசலில் இயக்குநர்

கணினி மையத்தில் ஒரே பெரிய கணினி. ஊரே அதைப் பங்கு போட்டுக்கொண்டது. கூட்டம் மிஞ்சினால் புதிதாக வருபவரைச் சற்றுக் காக்க வைக்க, ஆபரேட்டர் செண்பகவல்லி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அது ஒருநாள் மையத்தின் இயக்குநர் வைத்தியலிங்கத்தையே காக்க வைத்துவிட்டது. வந்ததே கோபம்!

"யாரையும் வாசல்ல நிறுத்தக் கூடாது. அதைத் தூக்கு! வேகம் குறைஞ்சா உன் வேலை போச்சு!"

தூக்கினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய, ஒருவர் வேலையை எடுப்பதும், அதைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்தவருடையதை எடுப்பதுமாகவே கணினி திண்டாடியது. ஒருவர் வேலையும் முடியவில்லை. திட்டு அவளுக்குத்தான்.

அந்த வாரம் இயக்குநர் மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அவரே கைகளை விரித்து நின்றார்.

"அடுத்த பந்தி! அடுத்த பந்தி!"

"யாரையும் வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னீங்களே சார்?" என்றாள் விருந்துக்கு வந்திருந்த செண்பகவல்லி.

"விவரம் இல்லாம பேசாதேம்மா! எல்லாரையும் உள்ளே விட்டா, பரிமாறுறவன் வாளியோட ஓடிக்கிட்டேதான் இருப்பான். ஒருத்தரும் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது!"

"அதைத்தான் சார் என் புரோகிராமும் சொல்லிச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் அசடு வழிந்தார்.

"திங்கட்கிழமை அதைத் திரும்பப் போட்டுடு."

"சரி சார்" என்று அவள் உள்ளே காலெடுத்து வைத்தாள். அவர் கை குறுக்கே வந்தது.

"அடுத்த பந்தி!"

"புரோகிராம் நல்லாவே ஓடுது சார்" என்று சிரித்தபடி பின்னால் போய் நின்றாள்.